நிலவில்லாத இரவைத் தேர்ந்தவர்கள்

தமிழ்நாட்டில் இரவு நேரத்தில் ஊர் கூடும் விழாக்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை பௌர்ணமியை ஒட்டியே வரும். சித்ரா பௌர்ணமி, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், கார்த்திகை தீபம் எல்லாமே அப்படித்தான். இதில் வியப்பில்லை. மின்விளக்கு இல்லாத காலத்தில் வண்டி கட்டிக்கொண்டும் கால்நடையாகவும் பல காதம் போய்த் திரும்புகிறவர்களுக்கு நிலவு வெளிச்சம்தான் துணை. விழுப்புரம் மாவட்டத்து அவலூர்பேட்டைக்காரர்கள் சித்தகிரி முருகனுக்குப் பங்குனி உத்திரத்தில் காவடி எடுப்பதும், அண்ணாமலைத் தீபத்துக்குக் கிளம்புவதும் நிலவுள்ள நாட்களில்தான். ஆனால் இதே வட்டாரத்தின் மிகப் பெரிய கூட்டம் கூடுவது மேல்மலையனூரில், அதுவும் அமாவாசையில். ஒவ்வொரு அமாவாசை நள்ளிரவிலும் அங்காளபரமேசுவரிக்கு ஊஞ்சல் உற்சவம்; மாசி அமாவாசையில் மயானக் கொள்ளை. வெளிச்சம் தேவைப்படும் மக்கள் மாதத்திலேயே இருண்ட இரவைத் தேர்ந்தார்கள் என்றால் அது தெரிந்தே செய்த தேர்வு. பந்தமும் எண்ணெயும் தேடி அலைந்தாவது அந்த இருட்டுக்குள் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். ஆகவே மயானக் கொள்ளையின் வரலாற்றை அம்மன் வழிபாட்டு வரலாறாக மட்டும் எழுதி முடித்துவிட முடியாது. இந்த மண்ணின் மக்கள் வானத்தைக் கணித்து வாழ்ந்த வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு.

கதை எல்லோரும் அறிந்ததுதான். சிவன் பிரமனின் ஐந்தாம் தலையைக் கிள்ள, கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. இடுகிற பிச்சையையெல்லாம் அதுவே தின்றுவிட, அவர் பித்தராக அலைந்தார். மலையனூரில் அம்மன் உணவைச் சுடுகாட்டில் சூறை விட்டாள். ஆசைப்பட்டுக் கீழிறங்கிய கபாலத்தைக் காலால் மிதித்து அடக்கினாள். அதை நினைத்துத்தான் இன்றும் விளைந்த தானியம், அவித்த கொழுக்கட்டை, காய், பழம், சில்லறைக் காசு எல்லாம் மயானத்தில் இறைக்கப்படுகின்றன. கூட்டம் முண்டியடித்து அள்ளுகிறது. முகத்தில் கரியும் மஞ்சளும் பூசி, வாயில் எலும்பைக் கவ்விக்கொண்டு காளி வேடமிட்டவர்கள் ஆடி வருகிறார்கள். மயானத்து மண்ணில் விழுந்த அந்தத் தானியத்தில் ஒரு கைப்பிடி கிடைத்தால் போதும், விதைநெல்லோடு கலந்து வைக்கலாம் என்பது விவசாயிகளின் நம்பிக்கை.

கொள்ளை விடுவது பெரும்பாலும் பகலில்தானே, இருட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பகலுக்கு முந்தைய இரவைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அது மகா சிவராத்திரி, தேய்பிறைச் சதுர்த்தசி. அன்று விடியும் தறுவாயில்தான் கீற்றுப் பிறை எழும். நான்கு சாமமும் கண் விழித்திருப்பவன் தலைக்கு மேல் நிலவே இல்லாத வானம் அரைச் சுற்றுச் சுற்றுகிறது. பொழுது சாயும்போது திருவாதிரையும் மிருகசீரிடமும் உயரத்தில் நிற்கும். நள்ளிரவை ஒட்டி மகம் உச்சிக்கு வரும். இந்த வட்டாரம் கிட்டத்தட்ட பன்னிரண்டு பாகை வட அட்சத்தில் இருப்பதாலும், மக நட்சத்திரமும் வானில் ஏறத்தாழ அதே பாகையில் இருப்பதாலும், அது அண்ணாந்து பார்ப்பவனின் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கும். விடியற்காலையில் செக்கச் சிவந்த கேட்டை தெற்கே ஏறியிருக்கும். கடிகாரம் இல்லாத காலத்தில் சாமம் மாறியதை இவற்றை வைத்துத்தான் அறிய முடியும். வருடத்தில் ஒருமுறை ஊரே சேர்ந்து ஒரு முழு இரவை வானத்தின் கீழ் கழிக்க வேண்டும் என்று வகுத்தவர்கள், நிலவு குறுக்கிடாத இரவைப் பார்த்து வகுத்திருக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பும் உண்டு. அமாவாசை கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பஞ்சாங்கக்காரர் சொன்னார், மக்கள் போனார்கள், இதில் வானம் பார்க்கும் அறிவு எங்கே இருக்கிறது என்பார்கள். பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துப்போனால்தான் ஊர் அதை நம்பும் என்பதை இந்த மறுப்பு மறந்துவிடுகிறது. 1769 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரியில் காத்திருந்தார். மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதத்தைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவு அந்த முறையில் 41 விநாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணையிலோ 68 விநாடி அதிகமாக வந்தது. 1825இல் ‘கால சங்கலிதம்’ நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களை மட்டும் கொண்டு, ஓர் எழுத்துகூட எழுதாமல் கிரகணம் கணித்ததைப் பதிவு செய்தார். கோயில் திருவிழா நாளைக் குறித்ததும் இதே கணிதம்தான். பின்னாளில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நேரில் கண்ட வானத்துக்கு ஏற்பப் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று போராடி திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1867இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவரும் அவரே.

சென்னையில் சில பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் வேடம் போடுகிறார்கள்; அதோடு மயானக் கொள்ளையை ஒப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. வேடம், இறந்தோர் நினைவு, இனிப்பும் தின்பண்டமும் வாரி வழங்குவது எனப் பொருத்தங்கள் இருக்கின்றன. கேலிக்கூத்தும் வேண்டுதலும் ஒன்றாகா என்று பக்தர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் என் பார்வையில் பெரிய வேறுபாடு நாள் குறிப்பதில்தான். அயர்லாந்தில் குளிர்காலத் தொடக்கத்தைக் குறித்த ‘சாவின்’ (Samhain) என்ற விழா, பிறகு நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழாவின் முன்னிரவாகி, சூரிய நாட்காட்டியில் நிலைத்துவிட்டது. 2020இல் அன்று பௌர்ணமி. 2024இல் நம் தீபாவளி நாள், இரவு அமாவாசை. ஹாலோவீனுக்கு எந்த நிலவானாலும் ஒன்றுதான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றும் நம்மூர்க் கிறித்தவர்களுக்கும் அப்படியே. மலையனூருக்கு மட்டும் இருட்டு கட்டாயம்.

இருட்டைக் கண்டு அஞ்சியவர்களுக்கு விண்மீன் எதற்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி. மேல்மலையனூரில் பரம்பரையாகப் பூசை செய்பவர்கள் பருவதராஜ குலத்தார். கார்த்திகை அறுமீனோடு முழுநிலவு கூடும் காலத்தில் அண்ணாமலை உச்சியில் தீபம் ஏற்றும் உரிமையும் அதே குலத்தாருக்குத்தான். நிலவு நிறைந்த நாளின் நெருப்பும் நிலவற்ற நாளின் அம்மனும் ஒரே குலத்தின் பொறுப்பில் இருப்பதை வெறும் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. அருகே ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் மங்கலான விண்பொருட்களை ஆராய்பவர்கள் கேட்டு வாங்குவதும் அமாவாசையை ஒட்டிய இரவுகளைத்தான்.

இன்று மேல்மலையனூரில் உயர்கோபுர மின்விளக்குகள் வானத்தை வெளுக்க வைக்கின்றன. பல்லாயிரம் பேர் நெருக்கும் இடத்தில் அவை வேண்டும். அவற்றை அணைக்கச் சொல்ல முடியாது. ஆனால் அவலூர்பேட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மொட்டைமாடி விளக்கை அணைக்கலாம். வரும் மாசி அமாவாசை அன்று இரவு எட்டு மணி வாக்கில் தெற்கே திரும்பி நில்லுங்கள். உயரத்தில் பளீரென்று தெரிவது சிரியஸ். அதற்கு நேர் கீழே, நீட்டிய கையை அடிவானத்தில் வைத்து விரித்தால் ஒரு சாணுக்குச் சற்று மேலே நிற்பது அகத்திய விண்மீன். லண்டன்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.