ஹிஜாஸில் எழுந்த நெருப்பு

மதீனமா நகருக்குச் சென்று மீளும் நம்மவர் பலர் அந்நகரைச் சூழ்ந்து கிடக்கும் கரிய கற்பரப்பைக் கண்டிருப்பர். அரபு மக்கள் அதனை ‘ஹர்ரா’ என்பர். பண்டைக் காலத்தில் பூமியைப் பிளந்து வழிந்த நெருப்புக் குழம்பு உறைந்து கல்லானதே அது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நகரின் வடபுறத்தில் அகழ் வெட்டச் செய்த வரலாற்றை நாம் அறிவோம். பிற திசைகளில் எதிரியின் குதிரைகள் எளிதில் கடக்கவியலாத இக்கற்பரப்புகளும் பேரீச்சந் தோட்டங்களும் அரணாக நின்றமையால், வடபுறம் ஒன்றே காக்கப்பட வேண்டியதாயிற்று. அரணாக நின்ற அந்நிலமே பிற்காலத்தில் ஒரு முறை நகரை நடுங்கச் செய்தது.

ஹிஜ்ரி 654ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1256இல், ஜமாத்துல் ஆகிர் மாதத் தொடக்கத்தில் மதீனாவில் நிலம் அதிரலாயிற்று. சில நாட்கள் அதிர்ச்சி அடுத்தடுத்து நீடித்தபின், ஐந்தாம் நாளாகிய வெள்ளிக்கிழமையன்று நகரின் தென்கிழக்கே ஹர்ராவில் நிலம் வெடித்து நெருப்பு மேலெழுந்தது. அதன் ஒளி மக்கா நகரிலும் தெரிந்ததாக எழுதி வைத்துள்ளனர்.

இந்நிகழ்ச்சியை நாம் இத்துணை விரிவாக அறிவதற்குக் காரணம் மதீனாவாசிகள் சிலர் டமாஸ்கஸ் நகருக்கு எழுதிய கடிதங்களேயாகும். அங்கு வாழ்ந்த வரலாற்றாசிரியர் அபூ ஷாமா அவற்றைத் தம் நூலில் சேர்த்து வைத்தார். அடுத்த நூற்றாண்டில் இப்னு கதீர் தம் பெருநூலில் எடுத்தாண்டார். டமாஸ்கஸில் சுவர்களின் மீது விழுந்த வெயில் ஒளி மங்கியதைக் கண்டு காரணம் புரியாது திகைத்திருந்ததாகவும், கடிதங்கள் வந்த பின்னரே விவரம் விளங்கியதாகவும் அபூ ஷாமா குறித்துள்ளார்.

மதீனாவின் காழி எழுதிய கடிதம் நம் நெஞ்சைத் தொடுவது. அஞ்சிய மக்கள் பெண்டு பிள்ளைகளுடன் மஸ்ஜிதுந் நபவியில் குழுமி இரவெல்லாம் இறைஞ்சி நின்றனர். காழி, நகரின் அமீரிடம் சென்று, இறைவன்பால் மீளுமாறு எடுத்துரைத்தார். அமீர் தம் அடிமைகள் அனைவரையும் விடுதலை செய்தார். பிறரிடமிருந்து பெற்றிருந்த பொருள்களை உரியவர்களிடமே ஒப்படைத்தார். நெருப்பு நெருங்கிய வேளையில் இறைஞ்சுதலோடு நில்லாது, பறிபோன உரிமையும் உரியவரைச் சேர்ந்தது.

அக்காழியும் மற்றும் சிலரும் அந்நெருப்பைக் காண மேலேறிச் சென்றனர். மலைகளே நெருப்பாய் ஒழுகுவதையும், ஈராக்கிலிருந்து ஹாஜிகள் வரும் பாதை அடைபட்டுப் போனதையும் கண்டு வந்து எழுதினர். ஒழுகிய குழம்பின் நீளத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் அக்கால அளவைகளில் குறித்தனர். உருகிய ஈயம் போல ஓடிய பாறை, ஆறியபின் கரியாகக் கிடந்ததையும் குறிக்கத் தவறவில்லை. அச்சம் கண்களை மறைக்கவில்லை என்பதற்கு இவ்வரிகளே சான்று.

ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் நிலவியல் அறிஞர்கள் அவ்விடத்தை ஆராய்ந்தனர். 1987இல் வெளிவந்த ஆய்வின்படி, இரண்டேகால் கிலோமீட்டர் நீளமுள்ள பிளவின் மீது ஆறு கூம்புகள் எழுந்தன. 52 நாட்கள் குழம்பு வழிந்தது. அது 23 கிலோமீட்டர் ஓடி, பழைய நகருக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தொலைவில் நின்றது. நெருப்பு மூண்ட நாளையும் அது பரவிய வகையையும் கற்கள் தாமே சொல்ல மாட்டா. அவற்றுக்கு அறிஞர்கள் துணை கொண்டது அக்கடிதங்களையே.

ஹிஜாஸிலிருந்து எழும் ஒரு நெருப்பைப் பற்றிய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. இந்நிகழ்ச்சியின்போது டமாஸ்கஸில் மாணவராக இருந்த இமாம் நவவி, தம் காலத்தில் எழுந்த இந்நெருப்பையே அதற்குரியதாகக் கொண்டார்.

இன்று அக்கூம்புகளின் மேல் ஏறுவோர் புகையையோ தழலையோ காண்பதில்லை. துளைகள் நிறைந்த கருங்கற்கள் காலடியில் சரியும். ஒதுங்க நிழல் இராது. உச்சியில் நின்று வடக்கே நோக்கினால், உறைந்த ஆறு போல் அக்கரிய கல்லோட்டம் நீண்டு கிடப்பது புலப்படும். ஆயினும் அந்நிலம் முற்றும் அணைந்துவிட்டதென்று எண்ணலாகாது. 2009இல் மதீனாவின் வடமேற்கே ஹர்ரத்து லுனய்யிர் பகுதியில் ஆயிரக்கணக்கான அதிர்ச்சிகள் நிகழ்ந்தன. மே மாதம் 19ஆம் நாள் 5.4 அளவில் நிலம் நடுங்கியது; தரை பல கிலோமீட்டர் பிளந்தது. அல்ஐஸ் வட்டார மக்கள் பல்லாயிரவர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். நெருப்புக் குழம்பு மேலே வராமல் பூமிக்குள்ளேயே நின்றுவிட்டது.

அன்று மக்களைக் காத்தது அதிர்வுகளை இரவு பகலாகப் பதிவு செய்த கருவிகளும், அவற்றைப் படித்தறிந்தவர்களின் எச்சரிக்கையுமே. கண்டதைக் கண்டவாறு குறித்து வைத்த மதீனாவின் காழி செய்ததும் இதே பணிதான். மேலேறிச் சென்று பார்த்து, அளந்து, எழுதி வைத்த அச்சிலருக்கு நாம் இன்றும் கடன்பட்டுள்ளோம். மதீனா செல்லும் நம் இளைஞர்கள் அக்கருங்கற்களைக் காணும்போது இவ்வரலாற்றையும் எண்ணிப் பார்ப்பார்களாக!