ஜூலை பதினான்கும் ஜூலை முப்பதும்

பணி ஓய்வுக்குப் பிறகு அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தேன். பாஸ்டன் நகரில் பழைய அரசு மாளிகையின் முன்னால், தரையில் வட்டமாகக் கல் பதித்த ஓர் இடத்தைக் காட்டினான். 1770 மார்ச் 5 அன்று, பனி உருண்டைகளை வீசிக் கூச்சலிட்ட கூட்டத்தின்மீது ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்ட இடம் அது. இறந்தவர்கள் ஐந்து பேர். ஐந்தே ஆண்டில் அங்கே விடுதலைப் போர் மூண்டுவிட்டது.

"அஞ்சு பேருக்கு இவ்வளவு ஞாபகமாப்பா?" என்றான்.

எனக்கு மரக்காணத்துத் தாத்தா நினைவு வந்தது. அம்மாவின் அப்பா. உப்பளக் கூலி. வெள்ளைக்காரன் சீமையான தென்னாற்காட்டிலிருந்து எல்லை தாண்டி, பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் பஞ்சாலை வேலைக்குப் போனவர். மழைக்காலத்திலும் கூலி உண்டு என்பதுதான் காரணம். மரக்காணத்தில் ஐப்பசி பிறந்தால் பாத்தியெல்லாம் வெள்ளம், அடுப்பும் அணைந்துவிடும்.

1936 ஜூன் மாதம் பாரிசில் மக்கள் முன்னணி அரசு மத்தினியோன் ஒப்பந்தம் செய்தது. பிரான்சின் தொழிலாளிக்கு வாரம் நாற்பது மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை. அதே கொடி பறந்த புதுச்சேரியில், வ. சுப்பையா முதலானோர் திரட்டிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேரமும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டார்கள். எட்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசின் ஆயுதப்படை சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. ஜூலை 14 வந்தால் பஸ்தீய் சிறை உடைந்த கதை, கொடி, மிட்டாய் எல்லாம் உண்டு. பதினாறு நாள் கழித்து வரும் ஜூலை 30 பற்றி எந்த வாத்தியாரும் வாய் திறந்ததில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, மிட்டாய் தின்றவன்தானே! பாஸ்டன் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து பேரில் முதலில் விழுந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸின் பெயர் தெரியும். நம் பன்னிரண்டு பேரில் ஒருவர் பெயரையாவது சொல்லத் தெரிந்தவர் நம் தெருவில் எத்தனை பேர்? தொழிற்சங்கத்தார் மட்டும் ஆண்டுதோறும் மறக்காமல் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

1937 ஏப்ரல் 6 ஆணையால் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் புதுச்சேரிக்கு வந்தன. கேட்டுச் செத்த ஒன்பதாம் மாதம்.

தாத்தாவுக்கு அது கிடைக்கவில்லை. சூடு நடந்த இரவே கடற்கரை ஓரமாக நடந்து மரக்காணம் வந்து சேர்ந்தவர், அப்புறம் ஆலைப் பக்கம் போகவே இல்லை. "ஏன் தாத்தா திரும்பிப் போவலே?" என்று ஒருமுறை கேட்டேன். "பக்கத்துல நின்னவன் விழுந்தான்டா. அவன் நின்ன எடத்துல போயி நான் எப்படி நிக்கிறது?" என்றார். கடைசிவரை உப்பளம்தான். விடியுமுன் இறங்கினால் வெயில் ஏறும்வரை, பிறகு சாயங்காலமும். அங்கே யாரும் மணி பார்த்ததில்லை.