குருசடைத் தீவும் கண்மாய் மட்டியும்

முத்துக்குளிப்பைப் பத்தி நாம நிறையப் பேசியாச்சு. இன்னைக்கு முத்து இல்லாத, யாரும் கண்டுக்காத மட்டியோட கதையைச் சொல்றேன்.

நரிக்குடியில இருந்து ஆரம்பிப்போம். வானம் பார்த்த பூமி. மட்டிக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. விருதுநகர் தனி மாவட்டமானது 1985ல்தான். அதுவரைக்கும் நரிக்குடி, திருச்சுழி, மண்டபம், பாம்பன் எல்லாமே ஒரே ராமநாதபுரம் மாவட்டம். கருவேலங்காடும் பவளப்பாறையும் ஒரே கலெக்டருக்குக் கீழே இருந்தன.

அந்தப் பாம்பன் பக்கத்தில் இருக்கிறது குருசடைத் தீவு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிரினங்கள் பற்றி 1890ல் ஒரு நூல் வெளியிட்டார். அவருக்குப் பின் அதே பதவிக்கு வந்த கிரேவ்லி, 1927ல் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைத் தனித் தொகுப்பாகவே கொண்டுவந்தார். மாகாண மீன்வளத் துறையும் அந்தத் தீவில் ஒரு உயிரியல் நிலையம் வைத்திருந்தது. விலங்கியல் படித்த கல்லூரிகளுக்கு அங்கிருந்து மாதிரிகள் போயின.

ஆனா ஒண்ணு கவனிங்க. கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஃபார்மலின் பாட்டிலில் கிடந்த உயிரினம்தான். ஒரு மட்டியைப் புரிஞ்சுக்க அது போதாது. ஓட்டை லேசாகத் திறந்து, ஒரு துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, செவுள்களில் உள்ள நுண்ணிய இழைகளால் உணவைச் சலித்து, இன்னொரு துளை வழியாக வெளியே விடுவதுதான் அதோட பிழைப்பு. செத்த மட்டியில் அந்த ஓட்டம் நின்றுவிடும். பாட்டிலில் உடம்பு இருக்கும், வேலை இருக்காது.

அப்போ உயிரோடு காட்டணும்னா? கடல் தண்ணீர் வேண்டும். சென்னையில் 1909ல் மீன் காட்சியகத்தை மெரினா கரையிலேயே திறந்ததில் அர்த்தம் இருக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

பிறகு காலம் மாறியது. 1986ல் குருசடை உட்பட 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. மாதிரிகளை அனுப்பிய தீவிலிருந்து இப்போ அனுமதி இல்லாம ஒரு கிளிஞ்சலைக்கூட எடுக்க முடியாது. லட்சத்தீவு, அந்தமான் பாறைகளில் வாழும் ராட்சத மட்டிகளை 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. காரணம் இருக்கு. நீலமும் பச்சையுமாக மின்னும் அந்த மட்டிகளுக்கு உலகம் முழுக்க வண்ண மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் கிராக்கி. பலாவ் தீவில் 1980களில் பொரிப்பகம் வைத்து அவற்றை வளர்த்தார்கள். பாறையிலிருந்து பிடுங்காமலும் மட்டி கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி.

கல்லூரிகளிலும் மாற்றம். உயிரினங்களை அறுப்பதைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லி 2011ல் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டியது. 2014ல் அடியோடு நிறுத்தச் சொன்னது. சரியான முடிவுதான். ஆனா பாட்டிலும் போய், அறுப்பதும் போய், படம் மட்டும் மிஞ்சினால் நரிக்குடிப் பிள்ளை எதைப் பார்த்து உயிரியல் படிக்கும்?

இங்கேதான் நம்ம கண்மாய் வருது. பாடப்புத்தகத்தில் நன்னீர் மட்டின்னு படிச்சிருப்பீங்க. லாமெல்லிடென்ஸ் என்று பேர். கண்மாய், குளத்துச் சேற்றில் கிடக்கும். அதோட குஞ்சுகள் கொஞ்ச காலம் மீன்களின் செவுளில் ஒட்டித்தான் பிழைக்கும். மீன் இல்லாத கண்மாயில் மட்டிப் பரம்பரை தொடராது. கண்மாய் தூர்ந்தால் ரெண்டும் போச்சு.

மட்டி கிடைச்சா ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கண்மாய்த் தண்ணீரை ஊற்றி, மணல் பரப்பி விடுங்க. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். அசையாமல் காத்திருந்தால் ஓடு திறக்கும். பக்கத்தில் ஒரு சொட்டுக் கலங்கல் தண்ணீர் விட்டால் அது உள்ளே இழுபடுவது தெரியும். பார்த்ததும் எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டுடுங்க.

உயிருள்ள மாதிரிக்குக் கடல் வரை போக வேண்டியதில்லை. ஆனா கண்மாயில் தண்ணீர் நிக்கணும்.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.