தாளில் தொடங்கியவர்கள்

திருவிழா முடிந்த மறுநாள் காலையில் கோவில் வளாகத்தைப் பெருக்குகிறவர்கள் முதலில் அள்ளி எறிவது காகிதத்தைத்தான். முந்தைய இரவு வரை தோரணமாகவும் பூவாகவும் விண்மீனாகவும் நின்றது, விடிந்ததும் குப்பையாகி விடுகிறது. பொன்னையும் வெள்ளியையும் பெட்டகத்தில் பூட்டி வைக்கிற நாம், தாளை அவ்வாறு மதிப்பதில்லை.

ஆயினும் கலை வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டும்போது ஓர் உண்மை கண்ணில் படுகிறது. வாழ்வின் பெரிய வாயில்கள் அடைபட்டுப் போன மனிதர் சிலர், எஞ்சியிருந்த சிறு சன்னலைத் திறப்பதற்குக் கையில் எடுத்த பொருள் இந்தத் தாளாகவே இருந்திருக்கிறது. அத்தகையோருள் மூன்று வகையினரை இங்கே நினைவுகூர்வோம். பெயர் தெரியாத மடத்துக் கன்னியர். 72 வயதான ஒரு கைம்பெண். நோயில் வீழ்ந்த ஓர் ஓவியர். தாளை வெட்டி, சுருட்டி, ஒட்டி அழகு செய்யும் கலையை எவ்வாறு தொடங்குவது என்பதை இவர்களைவிட நன்றாக நமக்குச் சொல்லித் தருவோர் இலர்.

மடத்தின் அறையில்

1563-ஆம் ஆண்டு, திரெந்து பொதுச்சங்கம் தன் இறுதி அமர்வில், புனிதர்களின் திருப்பண்டங்களுக்கு வணக்கம் செலுத்தும் மரபை உறுதி செய்தது. 15 ஆண்டுகள் கழித்து, 1578-இல், உரோமை நகருக்கு வெளியே சலாரியா சாலையருகே பழைய கிறிஸ்தவ நிலத்தடிக் கல்லறை ஒன்று தற்செயலாகக் கண்டறியப்பட்டது. இதன்பின் உரோமைக் கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட திருப்பண்டங்கள் ஐரோப்பாவெங்கும் ஆலயங்களுக்கும் மடங்களுக்கும் பயணமாயின. ஓர் எலும்புத் துணுக்கோ, ஒரு துணிக் கிழிசலோ எதுவாயினும், அதனை வைத்து வணங்கத் தகுந்த பேழை ஒன்று வேண்டும். செல்வம் படைத்த பேராலயங்கள் பொற்கொல்லரை அழைத்தன. மெல்லிய பொற்கம்பிகளை வளைத்துப் பின்னிய பேழைகள் அங்கே உருவாயின. வறிய அடைபட்ட மடங்கள் என்ன செய்யும்?

பிரான்சு நாட்டின் கார்மேல் மடங்களிலும் அவை போன்ற பிற மடங்களிலும் வாழ்ந்த கன்னியர் இதற்கு ஒரு விடை கண்டனர். தாளைச் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கீற்றுகளாக நறுக்கினர். கீற்றின் ஒரு விளிம்பில் மட்டும் பொன்பூச்சு ஏற்றினர். பிறகு அதனை மெல்லிய குச்சியிலோ இறகின் தண்டிலோ சுற்றி எடுத்து, சற்றே தளர விட்டு, விரல் நுனியால் கிள்ளினர். ஒருபுறம் கிள்ளினால் நீர்த்துளி. இருபுறமும் கிள்ளினால் இலை. சிறிது அழுத்தி வளைத்தால் பிறை. இச்சுருள்களை அட்டையின்மேல் படுக்கவைத்து ஒட்டுவதில்லை; பொன் விளிம்பு மேலே தெரியும்படி நிறுத்தி ஒட்டுவார்கள். மெழுகுதிரியின் ஒளி அந்த விளிம்பில் பட்டால், காண்பவர் கண்ணுக்கு அது பொற்கம்பி வேலையாகவே தோன்றும்.

அவர்கள் தாளோடு நிற்கவுமில்லை. பாஸ்கா திரியின் மெழுகில் வார்த்துத் திருத்தந்தை மந்திரித்த செம்மறி உருவ வில்லைகள், பழைய பட்டுத் துண்டுகள், கண்ணாடி மணிகள், உலர்ந்த பூக்கள், புனிதரின் பெயரை எழுதிய நூலளவு அகலமான சீட்டு ஆகிய அனைத்தும் ஒரே சட்டத்துக்குள் இடம்பெற்றன. பலவகைப் பொருள்களை இணைத்துச் செய்யும் இம்முறையை இன்று கலைக்கூடங்களில் ‘மிக்ஸட் மீடியா’ என்று புதுமையாகப் பேசுகிறார்கள். மடத்துக் கன்னியர்க்கு அது புதுமை அன்று; வீணாகப் போவதை விடக்கூடாது என்ற சிக்கனம்.

இங்கே எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. அக்காலத்துத் தாள், நைந்து கழித்த துணிகளை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்யப்பட்டது. ஒருவர் உடுத்தி எறிந்த கந்தல் தாளாயிற்று, தாள் சுருளாயிற்று, சுருள் புனிதரின் இல்லமாயிற்று. மரக்கூழில் செய்த பிற்காலத் தாளைப் போல் விரைவில் மஞ்சளித்து நொறுங்காமல் அது நிலைத்ததற்கும் அந்தக் கந்தல் துணியின் நாரே காரணம்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1790 பிப்ரவரியில் துறவற வார்த்தைப்பாடுகளைச் சட்டம் செல்லாததாக்கியது; 1792-இல் மடங்கள் மூடப்பட்டன. ஆலயங்களின் பொன், வெள்ளிக் கலங்கள் நாணயச் சாலைக்குச் சென்று உருகின. உருக்கினால் ஒன்றும் தேறாத தாளை அந்த உலை தேடவில்லை. மறைத்துக் காப்பாற்றப்பட்ட பேழைகள் பல பிரான்சின் அருங்காட்சியகங்களிலும் இல்லங்களிலும் இன்றும் உள்ளன. அவற்றில் புனிதரின் பெயர் இருக்கிறது. செய்த கன்னியின் பெயர் பெரும்பாலும் இல்லை.

கைம்பெண்ணின் மேசையில்

சுருள் வேலை மடங்களோடு முடிந்துவிடவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர் இல்லங்களில் பெண்கள் அதனைப் பொழுதுபோக்காகக் கற்றனர். இறகுத் தண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒட்டி ‘குவில்லிங்’ என்ற பெயர் இன்று அதற்கு வழங்குகிறது. அதே நாட்டில், அதே காலத்தில், தாளை முற்றிலும் வேறொரு வழியில் கையாண்டவர் மேரி டெலானி அம்மையார்.

1700-இல் பிறந்த அவரை, 17 வயதில், ஏறக்குறைய 60 வயதான ஒருவருக்கு உறவினர் மணமுடித்து வைத்தனர். இன்பமற்ற அந்த மணவாழ்வு சில ஆண்டுகளில் கணவரின் இறப்போடு முடிந்தது. 1743-இல், தம் விருப்பப்படி, பாட்ரிக் டெலானி என்ற அயர்லாந்து நாட்டு ஆங்கிலிக்கன் குருவை மணந்தார். 25 ஆண்டுகள் மனமொத்து வாழ்ந்தபின், 1768-இல் அவரும் மறைந்தார். ஆறுதல் தேடிய அம்மையாருக்குத் தோழியான போர்ட்லாந்து கோமகள் தம் மாளிகையில் இடமளித்தார். தாவரங்களைச் சேகரிப்பதிலும் ஆராய்வதிலும் பேரார்வம் கொண்ட இல்லம் அது.

1772-இல் ஒருநாள், மேசைமேலிருந்த செந்நிறத் தாள் ஒன்றின் நிறமும் அருகிலிருந்த ஜெரேனியப் பூவின் நிறமும் ஒத்திருப்பதை அம்மையார் கண்டார். கத்தரிக்கோலை எடுத்து அத்தாளை இதழ்களாக வெட்டி அடுக்கினார். அறைக்குள் வந்த கோமகள், உண்மைப் பூவைப் பிரித்து வைத்திருப்பதாகவே எண்ணினார் என்று சொல்வர். மலர்களைப் பிரதி செய்ய ஒரு புதிய வழியைக் கண்டுபிடித்திருப்பதாக அதே ஆண்டு தம் சகோதரியின் மகளுக்கு அவர் எழுதினார். அப்போது அவருக்கு வயது 72.

அவரது முறை இது. கருமை பூசிய தாள் பின்னணி. உயிருள்ள செடி கண்முன்னே. ஒவ்வோர் இதழின் ஒளியும் நிழலும் எத்தனை நிறங்களாகத் தெரிகின்றனவோ, அத்தனை நிறத் தாள்கள். முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், கண்ணால் அளந்தே கத்தரிப்பார். வேண்டிய இடத்தில் நீர்வண்ணம் தொடுவார். சில படங்களில் செடியின் உண்மையான இலையையே தாளிதழ்களுக்கு நடுவே ஒட்டியிருக்கிறார். ஆண்டவரின் பாடுகளை நினைவூட்டுவதாகப் பெயர் பெற்ற பாடுகளின் மலரை அவர் செய்த படம் ஒன்றில் மட்டும், 200-க்கும் மேற்பட்ட இதழ்த் துணுக்குகள் உள்ளன. கியூ அரச தோட்டத்திலிருந்தும் அவருக்குச் செடிகள் வந்தன. தாவரவியலார் செடியை அடையாளம் காணும் அளவுக்கு அவரது படங்கள் துல்லியமானவை.

ஏறத்தாழ 10 ஆண்டுகளில் 985 மலர்கள். 1000-ஐ எட்ட வேண்டும் என்பது அவர் ஆவல். கண்பார்வை மங்கியது, கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். 1788-இல் மறைந்தார். அவர் குடும்பத்தார் வழியே 1897-இல் பிரித்தானிய அருங்காட்சியகம் சேர்ந்த அம்மலர்கள், ஒளி படாமல் பாதுகாக்கப்பட்டு, இன்றும் அங்கே வாடாமல் இருக்கின்றன.

72 வயதில் திடீரெனக் கலை பிறந்ததா? அவ்வாறு எண்ணுவது முழு உண்மையாகாது. அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் பூத்தையல் செய்தார், சிப்பிகளை ஒட்டிச் சுவர்களை அணிசெய்தார், வண்ணம் தீட்டினார். அப்போது பழகிய கண்ணும் விரலும் முதுமைக்காகக் காத்திருந்தன. வீணில் கழிந்ததாகத் தோன்றிய ஆண்டுகள், தொடங்கும் நாளில் முதலீடாயின.

நோயாளியின் படுக்கையில்

டெலானி அம்மையார் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், கத்தரிக்கோலும் தாளும் மற்றொரு முதியவரிடம் சென்றன. இவர் பெயரற்றவர் அல்லர். 20-ஆம் நூற்றாண்டின் பெரும் ஓவியருள் ஒருவரான ஹென்றி மத்தீஸ். 1941 சனவரியில், தம் 71-ஆம் வயதில், குடல் புற்றுநோய்க்காக லியோன் நகரில் அறுவைச் சிகிச்சை பெற்றார். பிழைத்தெழுந்தார், ஆனால் ஓவியச் சட்டத்தின் முன் நெடுநேரம் நிற்கும் வலு போய்விட்டது. கிடைத்த ஆயுளை இரண்டாம் வாழ்வு என்றே அவர் கருதினார்.

நிற்க இயலாதவர், சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடியே வெட்டத் தொடங்கினார். உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் அடர்ந்த வண்ணம் பூசிக் கொடுப்பார்கள். அவர் அதில் உருவங்களைக் கத்தரிப்பார். அவர் சொல்லும் இடத்தில் சுவரில் ஊசியால் குத்துவார்கள். மனம் நிறையும் வரை இடம் மாற்றுவார்கள். 1947-இல் வெளிவந்த ‘ஜாஸ்’ என்ற நூலின் 20 படங்கள் இவ்வாறு பிறந்தவை.

இக்கதையில் ஒரு கன்னியும் வருகிறார். 1942-இல் மத்தீசுக்கு இரவுச் செவிலியாகப் பணிபுரிய வந்த மோனிக் பூர்ஜுவா என்ற இளம்பெண், பின்னர் தொமினிக் சபையில் சேர்ந்து ஜாக் மரி என்ற பெயர் பூண்டார். வான்ஸ் ஊரில் அச்சபையினருக்கு முறையான சிற்றாலயம் இல்லை. 1947-இல், தாம் வரைந்த சன்னல் ஓவியம் ஒன்றைப் பழைய நண்பரிடம் காட்டினார் சகோதரி. அந்தச் சிறு உரையாடலிலிருந்து வளர்ந்ததே வான்ஸ் செபமாலைச் சிற்றாலயம்.

அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை மத்தீஸ் தாளில் வெட்டியே திட்டமிட்டார். முதல் வடிவம் கைவிடப்பட்டது. இரண்டாவதும் கைவிடப்பட்டது, கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகளுக்கு அதில் இடம் விடப்படவில்லை. உலகப் புகழ் பெற்ற அம்முதியவர் மூன்றாம் முறையும் கத்தரிக்கோலை எடுத்தார். மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்றே நிறங்களில் ‘வாழ்வின் மரம்’ உருவாயிற்று. திருப்பலி மேலாடைகளையும் அவர் தாளிலேயே வெட்டி வடிவமைத்தார். 1951 சூன் 25 அன்று ஆலயம் அர்ச்சிக்கப்பட்டபோது, உடல்நலக் குறைவால் அவர் அங்கே வர இயலவில்லை. 1954 நவம்பரில் மறைந்தார். காலை வெயிலில் அச்சிற்றாலயத்தின் வெள்ளைத் தரையில் விரியும் நிறங்கள், ஒரு நோயாளியின் மடியில் விழுந்த தாள் துண்டுகளிலிருந்து வந்தவை.

நம் கைகளில்

இம்மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்; நாட்டாலும் நிலையாலும் வேறுபட்டவர். இவர்களிடையே பொதுவானது ஒன்றே. தம்மிடம் இல்லாததை எண்ணி அமர்ந்திராமல், கைக்கெட்டும் தொலைவில் கிடந்ததை எடுத்தார்கள். பொன் இல்லை என்று கன்னியர் பேழையை நிறுத்தவில்லை. காலம் கடந்தது என்று கைம்பெண் எண்ணவில்லை. நிற்க முடியவில்லை என்று ஓவியர் ஓயவில்லை.

தொடங்க விரும்புவோர்க்கு இன்றும் இதைவிட அதிகம் தேவையில்லை. கூரிய கத்தரிக்கோல், சிறிது பசை, சில வண்ணத் தாள்கள். முதல் நாள் பத்துக் கீற்றுகளைச் சுருட்டிப் பழகலாம், பத்தில் எட்டு கோணலாக வரும், அதனால் கேடில்லை. மறுநாள் முற்றத்துச் செடியிலிருந்து ஓர் இலையை மேசைமேல் வைத்து, அதில் எத்தனை பச்சைகள் இருக்கின்றன என்று எண்ணலாம். தையலில் மிஞ்சிய துணி, அறுந்த மாலையின் மணி, பழைய மடலின் உறை எதையும் ஒதுக்க வேண்டாம். நிலைத்திருக்க வேண்டிய படைப்பாயின், செய்தித்தாளைத் தவிர்த்து அமிலம் கலவாத தாளைத் தெரிந்தெடுத்து, வெயில் படாத இடத்தில் வைப்பது நலம்.

இன்னொன்றும் செய்யலாம். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குத் தாள் வெட்டும் வேலையை ஆண்டுதோறும் இளைஞரிடமே விட்டுவிடுகிறோம். நம் பங்கிலும், ஏன், நம் வீட்டிலும், இனித் தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று நம்பிச் சுவரோரம் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் இருப்பார். அவர் கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, நாமும் அருகில் அமர்ந்து வெட்டுவோம். அவர் செய்யும் விண்மீன் சற்றுக் கோணலாக இருக்கலாம். திருவிழா முடிந்த மறுநாள், அதனைக் குப்பையோடு கூட்டிவிடாமல், எடுத்துப் பத்திரமாக வைப்போம்.