கோவெண்டர் என்னும் கவுண்டர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கோவெண்டர் என்பது மிகச் சாதாரணமான குடும்பப்பெயர். நம் கவுண்டர்தான் ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்து இப்படி உருமாறினார். முதலியார் அங்கே 'மூட்லி', முனுசாமி 'மூன்சாமி'. தமிழில் 'க' ஒன்றுதான். கேட்டவர் சிலர் அதைக் 'கே' என்றும், சிலர் 'சி' என்றும், சிலர் 'ஜி' என்றும் எழுதினர். பழைய பதிவுகளில் பெயர் தேடுவோர் கண்ணை நம்புவதைவிட வாய்விட்டுப் படித்துக் காதை நம்புவதே நல்லது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் சென்னை வழியே போனவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதையடுத்து பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். உடலில் உள்ள தழும்பு, மச்சம்கூட விடுபடவில்லை.

கோவெண்டர் என்றதும் கொங்கு நாட்டுக்கு வழி கேட்பவர்களை நாம் சற்று நிறுத்த வேண்டியிருக்கிறது. சேலத்திலும் ஆற்காட்டுப் பகுதியிலும் வன்னியருக்கும் கவுண்டர் பட்டம் உண்டு. கொங்கிலேயே வேட்டுவரும் கவுண்டர்தாம். தமிழருக்குக் குடும்பப்பெயர் என்ற வழக்கமே இல்லாதிருக்க, நேட்டாலில் ஒரு வீட்டில் சாதிப் பட்டமும் இன்னொரு வீட்டில் தகப்பன் பெயரும் அப்படியே உறைந்து போயின. ஆகவே பட்டம் பலவீனமான தடயம். எண்ணும், தகப்பன் பெயரும், தாலுகாவுமே வலுவானவை.

அந்தத் தாலுகாவும் எளிதில் பிடிபடுவதில்லை. பள்ளிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி 1 அன்று பிறந்தது. கப்பல் காலத்தில் இவ்வூருக்குச் சேலம் ஜில்லா, திருச்செங்கோடு தாலுகா. காவிரிக்கு அக்கரையில், கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஈரோடோ கோயம்புத்தூர் ஜில்லா. அக்கரையில் பெண் கொடுத்து இக்கரையில் பெண் எடுத்த குடும்பத்தில் அண்ணனும் தங்கையும் கப்பலேறியிருந்தால் அவர்கள் இரண்டு ஜில்லாக்காரர்கள். சேலம் ஜில்லா என்பதும் அன்று தருமபுரி, ஓசூர், திருப்பத்தூர் வரை விரிந்து கிடந்தது. பாளையம் என்று முடியும் ஊர்களோ இப்பக்கம் எண்ணி மாளாது. தாலுகாவின் துணையின்றி ஊர்ப்பெயரை மட்டும் நம்பினால் வேறு யாருடைய வீட்டு வாசலிலோ போய் நிற்போம்.

சரியான ஊருக்கே வந்துவிட்டாலும் இங்கே எதைப் புரட்டுவது? பழைய ஊர்க் கணக்குகள் நிலத்தைச் சுற்றியே எழுதப்பட்டவை. பட்டாதாரருக்கு அவற்றில் பெயர் உண்டு. அவர் வயலில் உழைத்த நிலமற்றவருக்கு இல்லை. கடல் கடந்தவர்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். அந்தக் கூலியின் தகப்பன் ஊரைவிட்டே போகாதவராக இருக்கலாம். அவர் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம், பிழையான எழுத்துக்கூட்டலோடு, டர்பனுக்குப் போன கப்பலின் பட்டியலாக இருக்கக்கூடும்.