பல்வங்கர் பாலு: ஆடுகளத்தில் ஓர் உரிமைப் போர்

ஞாயிற்றுக்கிழமைகளில் பனியன் கம்பெனி வேலை ஓய்ந்ததும் மட்டையும் பந்துமாய்த் திடலுக்குச் செல்லும் நம் இளைஞர்களுள், பல்வங்கர் பாலு என்னும் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. இந்திய மண்ணின் முதற்பெரும் சுழற்பந்து வீச்சாளர் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

1876ஆம் ஆண்டு தார்வாரில், சமார் வகுப்பில் அவர் பிறந்தார். பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் திடலைப் பெருக்கிச் செப்பனிடும் வேலைக்கு மாதம் 3 ரூபாய் பெற்றார். 1892இல் ஐரோப்பியரின் பூனா கிளப்பில் 4 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். அங்கே கிரெய்க் என்னும் ஆங்கிலேய ஆட்டக்காரரின் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசி வீசியே அவரது இடக்கைச் சுழற்பந்து கூர்மை பெற்றது. ஆயினும் மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அளிக்கப்படவில்லை.

வெற்றி வேண்டிய பூனா இந்துக்கள் அவரைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டனர். திடலில் அவர் தொட்ட பந்தையே அனைவரும் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ அவருக்கு மட்டும் வெளியே, மண்கலயத்தில் தேநீர் தரப்பட்டது. பந்துக்கு இல்லாத தீட்டு குவளைக்கு எங்கிருந்து வந்தது? இரட்டைக் குவளையைக் கண்ட நம் முதியோர்க்கு இதை விளக்கவேண்டுவதில்லை.

பின்னர் பம்பாய் சென்ற பாலு, 1906இல் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்ற இந்து அணியில் விளங்கினார். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோல்வியே கண்டது. பாலுவோ 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இத்தனைக்குப் பின்னும் அணித்தலைமை அவருக்கு மறுக்கப்பட்டது. உழைப்பை ஏற்றவர்கள் தலைமையை ஏற்கவில்லை. 1920இல் அவர் புறக்கணிக்கப்பட்டபோது, தம்பியர் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகிக் கண்டனம் தெரிவித்தனர். அதன் பயனாக அவ்வாண்டே பாலு துணைத்தலைவராக்கப்பட்டார். 1923இல் விட்டல் தலைவராகவே அமர்ந்து, அணிக்கு வெற்றி தேடித்தந்தார்.

1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தில் நம் தமிழகத்து எம்.சி. ராஜாவைப் போலவே பாலுவும் கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அரசியல் வழியில் வேறுபட்டதால் அவரது ஆடுகளப் பெருமை குறையாது. 1955இல் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! திறமை பாலுவைத் திடலுக்குள் கொண்டுசென்றது. தலைமையின் கதவைத் திறந்ததோ உடன்பிறந்தோரின் ஒற்றுமை. தறியிலும் தையல் எந்திரத்திலும் நம் கைத்திறனை ஊர் அறியும். நிர்வாகத்திலும் தலைமையிலும் நாம் அமர்வதற்குக் கல்வியும் ஒற்றுமையும் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் உழைப்பது அதற்காகவே.