அரசின் கணக்கேடும் ஆற்று மீனும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புனே நகரத்துக் கணேஷ் பேட்டை மீன் சந்தைக்குச் சென்றால் தமிழ்க் குரல் காதில் விழாமல் இராது. கட்கியிலும் தாப்போடியிலும் வாழும் நம்மவர் கையில் பையுடன் அங்கே நிற்பர். வஞ்சிரத்தைச் 'சுர்மை' என்றும் வாவலைப் 'பாப்லேட்' என்றும் கேட்டு வாங்க நாம் பழகிவிட்டோம். ஒரு மீனுக்கு மட்டும் இரு மொழியினரும் ஏறக்குறைய ஒரே பெயர் வைத்திருக்கிறோம். நமக்கு அது ஜிலேபி. மராத்தியர்க்கு அது சிலாப்பி. 1952-ஆம் ஆண்டில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா என்னும் அயல் மீனே இரண்டும். அது எவ்வாறு பீமா ஆற்றை ஆளத் தொடங்கியது என்பதும், நாம் சந்தையில் கொடுக்கும் விலைக்கும் சட்டசபையில் படிக்கப்பெறும் வரவு செலவுத் திட்டத்திற்கும் உள்ள உறவு யாது என்பதும் வரலாற்றில் காணத்தக்கவை.

புனே ஆற்று மீன்களைப் பற்றிய முதற் பெருநூல் அரசின் சம்பளத்தில் தொடங்கியது. 1824-ஆம் ஆண்டில் பம்பாய் அரசினர் சைக்ஸ் என்னும் படை அதிகாரியைப் புள்ளிவிவரம் திரட்டும் பணிக்கு நியமித்தனர். அவர் தக்காணத்துக் குடிகளையும் நிலங்களையும் கணக்கெடுத்ததோடு, முளா முட்டா ஆறுகளில் வலைவீசியோரிடம் மீன்களை வாங்கி வரைந்தும் வைத்தார். 1829-ஆம் ஆண்டு அப்பதவியே எடுக்கப்பட்டது. பெண்டிங்கு பிரபு கும்பினியின் செலவுகளைக் குறைத்துவந்த காலம் அது. ஆயினும் சைக்ஸ் தாம் எடுத்த பணியை விட்டாரல்லர். 1831 ஜனவரியில் அதனை முடித்த பின்னரே சீமைக்குக் கப்பலேறினார். 1839-ஆம் ஆண்டில் அவர் அம்மீன்களை உலகிற்கு அறிவித்தபோது, இவ்வட்டாரத்தார் வழங்கிய பெயர்களையே அறிவியற் பெயர்களாகவும் சூட்டினார். 'குத்ரீ' என்று அவர் பெயரிட்ட மகசீர் மீன் புனேக்குக் கிழக்கே சில கல் தொலைவில் கிடைத்ததாகும். அவரும் சம்பளம் நின்றதென்று பெட்டியைக் கட்டியிருப்பின், புனே ஆற்றில் அக்காலத்தில் என்ன மீன் இருந்தது என்று சொல்ல நமக்குச் சான்று இராது.

இனி நம் தாயகத்துக் கடற்கரைக்குச் செல்வோம். சென்னை மாகாணத்து மீனவரை அந்நாளில் வாட்டியது கடலன்று, உப்பு வரி. பிடித்த மீனைக் கருவாடாக்க உப்பு வேண்டும். வரி கட்டிய உப்போ விலை மிகுந்தது. உவர்மண்ணைக் கொண்டு பதப்படுத்தலாமெனில், வரி வருமானம் குறையும் என்று உப்பு இலாகாவினர் அதனையும் தடுத்தனர். மீன் மருத்துவர் என்றே சொல்லத்தக்க பிரான்சிஸ் டே என்னும் அறிஞர் இக்கொடுமையை அரசினர்க்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக 1870-களில் கடற்கரையில் மீன் பதனிடும் முற்றங்கள் தோன்றின. அங்கே வேலிக்குள் வரியில்லா உப்பு வழங்கப்பெற்றது. நாளடைவில் நூற்றுக்கு மேற்பட்ட முற்றங்கள் ஏற்பட்டன. கடலில் ஒரு மீன் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஓர் இலாகா தன் வரவில் சிறிதளவை விட்டுக்கொடுத்தது, அவ்வளவே. அதனால் பல்லாயிரம் குடும்பங்களின் உலை கொதித்தது.

இந்நுட்பத்தை நன்கு உணர்ந்தவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பற்றி 1890-களில் அறிக்கை எழுதிப் புகழ்பெற்ற அவரே, 1905-ஆம் ஆண்டு முதல் மீன்வளத்தை ஆராயத் தொடங்கினார். 1907-ஆம் ஆண்டில் சென்னையில் மீன்வள நிலையம் அமைந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. பெரிய கப்பல்களை விலைக்கு வாங்கிக் கடலைக் கலக்கிவிட வேண்டும் என்பது அவர் கொள்கையன்று. மீனவனின் கடனும் கருவாடும் முதலில் சீர்பட வேண்டும் என்றார். பம்பாய் அரசினர் வேறு வழியில் சென்றனர். 1921-ஆம் ஆண்டில் 'வில்லியம் காரிக்' என்னும் நீராவி இழுவைக் கப்பலை அமர்த்தி ஆழ்கடலில் வலை இழுத்தனர். மீன் கிடைத்தது; அதைக் கெடாமல் வைத்து விற்கும் ஏற்பாடுதான் போதவில்லை. நட்டக் கணக்கைக் கண்டு அடுத்த ஆண்டே அம்முயற்சி கைவிடப்பட்டது. கப்பலுக்குப் பணம் ஒதுக்குவோர் பனிக்கட்டிக்கு ஒதுக்க மறந்துவிடுவது அன்றோடு முடிந்துபோன வழக்கமன்று.

விடுதலைக்குப் பின் வந்த முதல் ஐந்தாண்டுத் திட்டம் இரண்டாயிரம் கோடி ரூபாயைக் கடந்தது. அதில் மீன்வளத்திற்கென வைத்தது ஐந்து கோடி அளவே. செலவானதோ மூன்று கோடிக்கும் குறைவு. 1952-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நார்வே நாட்டார் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய பணி, விசைப்படகு என்னும் சொல்லை இருகரையிலும் பரப்பியது. தமிழ்நாட்டிலும் மானியத்தோடு பாப்லோ படகுகள் வந்தன. பின்னர் 1966 ஜூன் மாதத்தில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தனர். டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது 7 ரூபாய் 50 காசாயிற்று. தில்லியில் ஒரு மாலையில் செய்த அறிவிப்பு, கரையோரத்து இறாலை வெளிநாட்டுச் செலாவணியாக மாற்றிவிட்டது. இழுவைமடிப் படகுகள் பெருகின. கட்டுமரக்காரன் வலை அறுபட்டது. கரையில் அடிதடி மூண்டது. 1983-ஆம் ஆண்டில் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றி, கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை கட்டுமரத்திற்கும் நாட்டுப் படகுக்கும் என்று ஒதுக்க வேண்டியதாயிற்று. மானியம் முன்னே சென்றது. ஒழுங்கு இருபதாண்டு பின்னே வந்து சேர்ந்தது.

புனே மாவட்டத்து வரலாறு கடலிலன்று, அணையில் உள்ளது. பீமா ஆற்றின் குறுக்கே சோலாப்பூர் மாவட்டத்து உஜனியில் எழுப்பிய அணை 1980-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதன் பின்னீர் இந்தாப்பூர், தவுண்டு வட்டங்கள் வரை பரந்து ஊர்களை மூழ்கடித்தது. நீர் வற்றும் கோடையில் பளஸ்தேவ் ஊரின் பழங்கோயில் இன்றும் தலைகாட்டுகிறது. கரும்புக்கும் நகரங்களுக்கும் என்று கட்டிய அணை அது. நீர்ப்பாசன இலாகாவின் கணக்கில் மீன் ஓர் உபரி வரவு. நிலமிழந்தோர் சிலரும், வழிவழியாக ஆற்றில் வலைவீசிய போயி வகுப்பினரும் அந்நீர்ப்பரப்பையே வயலாகக் கொண்டனர்.

நீர்த்தேக்கத்து மீன்பிடியின் கணக்கு ஆற்று மீன்பிடியின் கணக்கன்று. ஆறு தானே குஞ்சு பொரிக்கும். தேக்கத்தில் ரோகு, கட்லா போன்ற மீன்களுக்கு ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். குத்தகைத் தொகை அரசினர்க்கு வரவு. குஞ்சு விடுவது செலவு. வரவை மட்டும் எழுதிச் செலவைச் சுருக்கும் ஆண்டுகளில் வலையில் விழுவது எது? யாரும் விடாமலே பெருகும் ஜிலேபிதான். பசித்த குடும்பம் சிறுகண் வலையைக் கட்டி, வளராத மீனையும் வாரிக்கொள்ளும். நம் தட்டில் சிறுத்து வரும் மீனுக்குக் காரணம் மீனவனின் பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; அது முழு உண்மையன்று.

மற்றொரு செலவும் உண்டு. அதனை எந்த மீன்வள அறிக்கையிலும் காண இயலாது. நாம் புனேயில் கழுவி ஊற்றும் நீரெல்லாம் முளா முட்டா வழியே பீமாவில் கலந்து உஜனியை அடைகிறது. அதனைத் தூய்மைப்படுத்த 990 கோடி ரூபாய்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் 2016-ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது; குறித்த காலத்தில் அது முடியவில்லை. நகரசபையின் கழிவுநீர்ப் பத்தியில் ஓராண்டு தாமதம் ஏற்படின், அது பிக்வண் கரையில் ஒருவனுடைய வலையில் தெரியும். புனே ஆறுகளை இந்நூற்றாண்டில் ஆராய்ந்தோர், 1942-இலும் 1944-இலும் அச்சான பட்டியல்களில் இருந்த சில மீன்களைத் தேடிக் காணாதவர்களாயினர்.

சைக்ஸ் பெயரிட்ட மகசீரின் கதை காவிரி வரை நீள்கிறது. 1970-களில் இம்மாவட்டத்து லோணாவளாவில் டாட்டா மின் நிறுவனத்தார் அம்மீனைச் செயற்கை முறையில் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பினர். அருகிவரும் இனம் ஒன்றைக் காக்கும் நல்லெண்ணமே அது. ஆனால் காவிரியில் விடப்பட்ட புனே மகசீர் அங்கே பெருகியது. காவிரிக்கே உரிய திமில் மகசீரோ அருகிப்போயிற்று. இவ்விரண்டையும் தொடர்புபடுத்தி 2015-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் எழுதினர். 2018-ஆம் ஆண்டில் திமில் மகசீர் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் ஏறியது. எத்தனை இலட்சம் குஞ்சு விட்டோம் என்பது அறிக்கையில் எழுதத்தக்க எண். எந்த ஆற்றில் எதனை விட்டோம் என்பதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

அண்மைக் காலத்துப் பெருந்தொகைகளையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசில் மீன்வளத்திற்குத் தனித்துறை ஏற்பட்டது. 2020-ஆம் ஆண்டில் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திற்கு 20,050 கோடி ரூபாய் என்று அறிவித்தனர். இதில் மத்திய அரசின் பங்கு 9,407 கோடி. மாநிலங்களின் பங்கு 4,880 கோடி. எஞ்சிய 5,763 கோடியோ பயன்பெறுவோரே இட வேண்டியது. அதாவது மீனவன் தன் கையிலிருந்தோ வட்டிக்கு வாங்கியோ போடும் முதலும் அறிவித்த தொகைக்குள் அடக்கம். கைம்முதல் இல்லாதவனுக்கு அம்மானியம் எட்டாக் கனியே.

உதவி எவ்வளவு என்பதைவிட எவ்வழியில் வருகிறது என்பதே பலவேளை பெரிதாகிறது. மகாராஷ்டிரத்துப் படகோட்டிகள் டீசலுக்கு முழு விலை கொடுத்துவிட்டு, வரித்தொகையைக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் திரும்பப் பெறுகின்றனர். ஒதுக்கீடு குறைந்தால் பாக்கி ஏறும். ஏறிய பாக்கிக்கு அவர்கள் வெளியில் வட்டி கட்டுவர். தமிழ்நாட்டில் குறித்த அளவு டீசல் விற்பனை வரி நீக்கியே வழங்கப்படுகிறது. இரண்டும் ஏட்டில் ஒரே சலுகை, வீட்டில் வேறுவேறு.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அதற்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாகத் தமிழ்நாடு அரசு 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 131 ரூபாய். நிதியாண்டு பிறப்பதோ ஏப்ரல் முதல் தேதி; படகு கரையேறுவது பதினைந்தாம் தேதி. புது ஆண்டின் ஒதுக்கீடு ஆணையாகி, பட்டியலாகி, வங்கிக்கு வந்து சேரும் வரை அடுப்பு காத்திராது.

2025 ஏப்ரலில் மகாராஷ்டிர அமைச்சரவை மீன்வளத்திற்கு வேளாண்மைக்கு நிகரான நிலை வழங்கியது. உழவர்க்குரிய கட்டணத்தில் மின்சாரம், உழவர்க்குரிய வட்டியில் கடன் என்பன அதன் நோக்கம். குளம் வெட்டி மீன் வளர்ப்போர்க்கு அது பெரும் உதவி. சொந்தக் குளமும் மின் இணைப்பும் இல்லாமல், தேக்கத்தில் தோணி விடுவோர்க்கு அதில் எவ்வளவு சென்றடையும் என்பதை வரும் ஆண்டுகளின் கணக்கில்தான் பார்க்க வேண்டும். இதற்கிடையே பிக்வண், கும்பார்காவ் மீனவர் தாமே ஒரு வழி கண்டுள்ளனர். குளிர்காலத்தில் உஜனிப் பின்னீருக்குப் பூநாரைகள் திரளாக வருகின்றன. அவற்றைக் காணப் புனேயிலிருந்து வருவோரை மீன்பிடித் தோணியில் ஏற்றிச் சென்று காட்டுகின்றனர். நம்மவரும் பிள்ளைகளோடு விடியற்காலையில் சென்று வருகிறோம். தோணியை விட்டு இறங்கும்போது கொடுக்கும் கூலி அன்றே அவர்கள் கைக்குச் சேர்கிறது. இரவில் வலையை இழுத்த கையே காலையில் துடுப்பையும் பிடிக்கிறது.